2,147,483,647: ஒரு பகா எண்ணும் அதன் நிரூபணமும்



ஸ்கூடாயில் பொறியியலோ கணினியியலோ படிக்க வரும் நம் மாணவர்கள் முதலாண்டில் எழுதிப் பார்க்கும் நிரல்களில் ஒன்று, 1 முதல் ஒரு குறிப்பிட்ட எண் வரை எல்லா எண்களையும் பெருக்கிச் சொல்லும் நிரல். சி மொழியில் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். 12 வரை பெருக்கச் சொன்னால் 479,001,600 என்று விடை வரும். அது சரி. 13 வரை பெருக்கச் சொன்னால், பெரும்பாலான கணினிகளில் 1,932,053,504 என்று வரும். அது தவறு. சரியான விடை 6,227,020,800.

இதில் கவனிக்க வேண்டியது, கணினி எந்த எச்சரிக்கையும் தருவதில்லை என்பதுதான். விடை நேர்மறையாக, நல்ல பெரிய எண்ணாக, பார்வைக்குச் சரியாகவே இருக்கும். கையால் பெருக்கிப் பார்த்தவனுக்கு மட்டுமே தவறு தெரியும். இதற்குக் காரணம், அந்த நிரலில் முழு எண்ணைச் சேமிக்க ஒதுக்கப்பட்ட 32 பிட் இடம். ஒரு பிட் குறிக்குப் போக, மீதி 31 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2³¹ − 1, அதாவது 2,147,483,647. அதைத் தாண்டினால் கணக்கு சுற்றிக்கொண்டு வேறு எங்கோ போய் நிற்கும்.

கணினித் துறையில் எல்லாரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் இந்த எண், ஒரு பகா எண். இடைநிலைப் பள்ளியில் 'நொம்போர் பெர்டானா' என்று மலாய் மொழியில் படித்தோமே, அதேதான். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண். மலேசிய வழக்கில் 2 பில்லியன் 147 மில்லியன் 483 ஆயிரத்து 647 என்போம். பழைய தமிழ் வழக்கில் 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647.

இது பகா எண் என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பயப்பட வேண்டாம், எஸ்.பி.எம். கணிதமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

சொன்னவர்களும் நிறுவியவரும்

2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி, வருவதிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பர். 2² − 1 = 3, 2³ − 1 = 7, 2⁵ − 1 = 31, 2⁷ − 1 = 127. இவை எல்லாம் பகா எண்கள். அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் விடை பகா எண்ணாக வாய்ப்பு உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047; இது 23 × 89.

இத்தாலியக் கணித அறிஞர் கத்தால்டி, 1603-இல் வெளியிட்ட நூலில், 17, 19 ஆகிய அடுக்குகளுக்கு வரும் எண்கள் பகா எண்கள் என்று வகுத்துப் பார்த்தே காட்டினார். அத்தோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகியவற்றுக்கும் அப்படியே என்று எழுதினார். அந்த நான்கில் மூன்று தவறு. 23-ஐயும் 37-ஐயும் 1640-இல் பெர்மா உடைத்தார். 29-ஐ 1738-இல் ஆய்லர் உடைத்தார். எஞ்சியது 31 மட்டுமே.

பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் 1644-இல் ஒரு பட்டியல் தந்தார். அதிலும் 31 இருந்தது. ஆனால் அதே பட்டியலில் தவறாகச் சேர்ந்த 67-உம் 257-உம் இருந்தன. இருக்க வேண்டிய 61, 89, 107 விடுபட்டிருந்தன. ஆக, 31-ஐப் பற்றி இருவரும் சொன்னது உண்மைதான் என்றாலும், அவர்கள் சொன்னதை வைத்து யாரும் நம்ப முடியாது. சரியான விடையும் தவறான விடையும் ஒரே வரிசையில், ஒரே உறுதியோடு எழுதப்பட்டிருந்தன.

2³¹ − 1 பகா எண்ணே என்று 1772-இல் நிறுவியவர் ஆய்லர். அப்போது அவர் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். ஏறத்தாழ முழுப் பார்வையையும் இழந்திருந்தார். கணினியும் கணிப்பானும் இல்லாத காலம். எப்படிச் செய்தார்?

ஆய்லர் சென்ற வழி

ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலத்துக்கு மேற்படாத ஒரு பகாக் காரணி அதற்கு இருந்தே தீரும். 2,147,483,647-இன் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். எனவே 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே சுமார் 4,800 இருக்கின்றன. அத்தனை வகுத்தல்களைக் கையால் செய்வது பெரும்பாடு. ஆய்லர் முதலில் பட்டியலைச் சுருக்கினார்.

முதற்படி. 'ப' என்னும் பகா எண் 2³¹ − 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ 'ப'-வால் வகுத்தால் மீதி 1. மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு எதுவோ, மீதி 1 தரும் மற்ற எல்லா அடுக்குகளும் அதன் மடங்குகளே. எனவே அந்த மிகச் சிறிய அடுக்கு 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் ஆதலால் அது 1 அல்லது 31. அது 1 ஆக இருக்க முடியாது. 2-ஐ 'ப'-வால் வகுத்து மீதி 1 வர வழியில்லை. ஆகவே அது 31.

இனி பெர்மாவின் சிறிய தேற்றம். 'ப' ஒற்றைப்படைப் பகா எண்ணானால், 2-இன் (ப − 1)-ஆம் அடுக்கை 'ப'-வால் வகுத்தால் மீதி 1 வரும். எடுத்துக்காட்டாக, 2⁶ = 64; அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. இதை மேலே சொன்னதோடு சேர்த்தால், (ப − 1) என்பது 31-இன் மடங்கு. 'ப' ஒற்றைப்படை என்பதால் (ப − 1) இரட்டைப்படை. எனவே அது 62-இன் மடங்கு. காரணி இருந்தால் அது 63, 125, 187, 249 என்று 62-இன் மடங்கோடு 1 கூட்டிய வரிசையில்தான் இருக்க முடியும்.

இரண்டாம் படி. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆக, ஒரு வர்க்க எண்ணை 'ப'-வால் வகுத்தால் மீதி 2 வருகிறது. இப்படி வரக்கூடிய ஒற்றைப்படைப் பகா எண்களை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும் என்பது எண் கோட்பாட்டின் ஒரு தேற்றம்.

இரண்டையும் இணைத்தால், 'ப'-வை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆக இருக்க வேண்டும். 46,340-க்குள் முதல் வகையில் 186 எண்களும் இரண்டாம் வகையில் 187 எண்களும் உள்ளன. மொத்தம் 373. அவற்றில் முதலில் வரும் 63 பகா எண் அல்ல என்று பார்த்ததுமே தெரியும். மீதி 372. அவற்றிலும் 3, 5, 7 முதலிய சிறிய எண்களால் வகுபடுபவற்றை நீக்கினால் பட்டியல் இன்னும் சுருங்கும். எஞ்சிய எதுவும் 2,147,483,647-ஐ மீதியின்றி வகுக்கவில்லை. நிரூபணம் முடிந்தது.

இந்த வழியின் வலிமையை ஒரு சிறிய எண்ணில் நீங்களே பார்க்கலாம். 2¹³ − 1 = 8191. இதன் வர்க்கமூலம் 90-க்குச் சற்று மேல். காரணி இருந்தால் 26-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும்: 27, 53, 79. இவற்றில் 27 பகா எண் அல்ல. 53-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. ஆகவே அதுவும் விலகும். எஞ்சியது 79 ஒன்றே. 79 × 103 = 8137; மீதி 54. ஒரே ஒரு வகுத்தலில் 8191 பகா எண் என்று நிறுவிவிட்டோம்.

இப்போது கத்தால்டியின் 23-க்கு வருவோம். 2²³ − 1 = 8,388,607. காரணி இருந்தால் 46-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்கும். முதல் எண்ணே 47. வகுத்துப் பாருங்கள்: 47 × 178,481 = 8,388,607. முதல் வகுத்தலிலேயே எண் உடைகிறது. இந்த வழி தெரியாததால் கத்தால்டி தவறினார்.

1729 அணிந்த முகமூடி

இவ்வளவு சிரமம் எதற்கு, பெர்மாவின் தேற்றத்தையே சோதனையாகப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கலாம். எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து, மீதி 1 வந்தால் பகா எண் என்று முடிவு கட்டலாமா?

நாம் நன்கறிந்த ஓர் எண்ணிலேயே பார்ப்போம். இலண்டனின் பட்னி பகுதியில் நோயுற்றிருந்த ராமானுஜனைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும் அது சுவையற்ற எண் என்றும் சொன்னதும், இரண்டு கனங்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் உடனே பதில் சொன்னதும் நமக்குத் தெரியும். அதே 1729-க்கு இன்னொரு பண்பும் உண்டு. 1729 = 7 × 13 × 19. இதன் காரணிகள் ஒவ்வொன்றிலும் 1 குறைத்தால் 6, 12, 18. இவை மூன்றும் 1728-ஐ மீதியின்றி வகுக்கின்றன. எனவே 2¹⁷²⁸-ஐ 7-ஆலும் 13-ஆலும் 19-ஆலும் தனித்தனியே வகுத்தால் மீதி 1. ஆகவே 1729-ஆல் வகுத்தாலும் மீதி 1. 2-க்குப் பதில் 3, 5 என்று எதை எடுத்தாலும், அது 7, 13, 19 ஆகியவற்றால் வகுபடாத வரை, இதே கதைதான்.

அதாவது 1729 பகு எண்ணாக இருந்துகொண்டே பெர்மா சோதனையில் பகா எண்ணைப் போல் தேறிவிடுகிறது. இத்தகைய எண்களைக் கார்மைக்கேல் எண்கள் என்பர். 561, 1105 ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக வருவது 1729. பகா எண்ணைப் போலத் தோன்றுவது வேறு, பகா எண்ணாக இருப்பது வேறு.

ராமானுஜனுக்கு நேர்ந்தது

இந்த வேறுபாடு ராமானுஜனின் வாழ்விலும் குறுக்கிட்டது. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தபோது, 1913-இல் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் வியக்கத்தக்க பல சூத்திரங்கள் இருந்தன. அவற்றோடு, குறிப்பிட்ட எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை மிக மிக நுட்பமாகத் தரும் சூத்திரம் ஒன்றைக் கண்டதாகவும் எழுதியிருந்தார். எண்கள் எவ்வளவு பெரிதானாலும் பிழை மிகச் சிறிதே என்பது அவர் கருத்து.

சிறிய எண்களில் அந்தச் சூத்திரம் அருமையாகப் பொருந்தும். 1000-க்குள் 168 பகா எண்கள் உள்ளன; சூத்திரமும் ஏறத்தாழ அதையே தரும். ஆனால் எண்கள் மிகப் பெரிதாகும்போது பிழையும் வளர்கிறது. ராமானுஜன் சொன்ன அளவு துல்லியம் உண்மையல்ல என்று ஹார்டியும் லிட்டில்வுட்டும் கண்டனர். கையால் சரிபார்க்கக்கூடிய எல்லைக்குள் எல்லாம் சரியாக இருந்ததுதான் அவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றது.

இதைச் சொல்வது ராமானுஜனைக் குறைப்பதற்கு அல்ல. அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1919-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் சிறிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில் ஒரு பகா எண்ணாவது உண்டு என்பது பெர்ட்ராண்ட் கூற்று. அதைச் செபிஷேவ் முன்பே நிறுவியிருந்தார். ராமானுஜன் அதற்கு மிகச் சுருக்கமான புதிய நிரூபணம் தந்தார். அத்தோடு, இரண்டு பகா எண்களாவது, மூன்றாவது, நான்காவது இருக்க எந்த எல்லை முதல் உறுதி என்றும் கணக்கிட்டார். அப்படிக் கிடைத்த 2, 11, 17, 29, 41 என்னும் வரிசை இன்று ராமானுஜன் பகா எண்கள் என்று அவர் பெயரால் வழங்குகிறது. பகா எண்களைப் பற்றி முன்பு தவறிய அதே அறிஞர், இம்முறை யாரும் அசைக்க முடியாத நிரூபணத்தோடு எழுதினார். மறு ஆண்டே, 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதில் மறைந்தார்.

இன்றைய சோதனைகள்

மெர்சென் எண்களுக்கு மட்டும் பொருந்தும் அழகான சோதனை ஒன்று உண்டு. 1876-இல் லூக்கா தொடங்கியதை 1930-களில் லேமர் செம்மைப்படுத்தினார். 4-இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட 2 குறைவான தடவைகள் இதைச் செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண்; வராவிட்டால் பகு எண். 2⁵ − 1 = 31-க்கு மூன்று தடவை: 4, 14, 8, 0. ஆகவே 31 பகா எண். 2¹¹ − 1 = 2047-க்கு ஒன்பது தடவை செய்தால் 1736 வருகிறது. ஆகவே பகு எண். நம் 2³¹ − 1-க்கு 29 தடவை போதும். இன்றைய கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேர வேலை.

2024 அக்டோபரில் 2-இன் 136,279,841-ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண் பகா எண் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு 41,024,320 இலக்கங்கள். அதுவரை அறியப்பட்ட பகா எண்களில் அதுவே மிகப் பெரியது. முதலில் அயர்லாந்தில் இருந்த ஒரு கணினி, பெர்மா வகைச் சோதனையில் 'பகா எண்ணாக இருக்கலாம்' என்று சொன்னது. அதை யாரும் அறிவிக்கவில்லை. லூக்கா–லேமர் சோதனையில் உறுதியான பிறகே உலகுக்குச் சொன்னார்கள்.

எந்த எண்ணுக்கும் பொருந்தி, முகமூடிக்கு ஏமாறாமல், விரைவாகவும் முடியும் சோதனை உண்டா என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் அதற்கு விடை தந்தனர். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் இளங்கலைப் பட்டப்படிப்பை முடித்திருந்தனர். தங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியில் தொடங்கியதை அவர்கள் ஆசிரியரோடு சேர்ந்து முடித்தனர். இறுதியாண்டுத் திட்டப்பணி என்றதும் பெருமூச்சு விடும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த எண்ணால் என்ன பயன்?

பழங்காலத்தில் மெர்சென் எண்களைத் தேடியதற்குக் காரணம் நிறைவெண்கள். தன்னை நீக்கிய மற்ற காரணிகளின் கூட்டல் தனக்கே சமமாக இருந்தால் அது நிறைவெண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் வருவது 2,305,843,008,139,952,128. இது எட்டாவது நிறைவெண். இவை வெறும் வேடிக்கைப் பொருள்கள், பயனில்லாதவை, ஆதலால் இதைவிடப் பெரியதை யாரும் தேடப் போவதில்லை என்று 1811-இல் பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலேயர் எழுதினார். அவர் கணிப்பு பொய்த்தது.

பயனில்லை என்பதும் பொய்த்தது. கணினியில் ஒழுங்கற்ற எண்களை உருவாக்க, ஓர் எண்ணை 16,807-ஆல் பெருக்கி 2,147,483,647-ஆல் வகுத்து மீதியை எடுக்கும் முறை 1969-இல் வெளியாகி நெடுங்காலம் புழங்கியது. 16,807 என்பது 7⁵. வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால், 16,807 போன்ற ஏற்ற பெருக்கியைத் தேர்ந்தால், 1 முதல் 2,147,483,646 வரை எல்லா எண்களும் ஒன்றுகூட விடுபடாமல் ஒருமுறை வந்த பிறகே வரிசை திரும்பும். இங்கே ஆய்லரின் நிரூபணம்தான் வேலை செய்கிறது. இணைய வங்கிச் சேவையின் பாதுகாப்பில் 300-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்கள் பயன்படுகின்றன. அவற்றைச் சோதிக்க, கார்மைக்கேல் எண்களிடமும் ஏமாறாத மில்லர்–ராபின் சோதனையைப் பலமுறை செய்து பார்க்கிறார்கள்.

இன்னொன்று நம் தலைமுறைக்கு நேராக வருவது. பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணி நேரத்தை வைத்துக்கொள்கின்றன. அதற்கு 32 பிட் மட்டும் ஒதுக்கிய பழைய அமைப்புகளில், 2,147,483,647-ஆவது நொடியோடு எண்ணிக்கை முடிகிறது. மலேசிய நேரப்படி அது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் அவை 1901-ஆம் ஆண்டுக்குப் போய்விடும். 64 பிட் அமைப்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பாசிர் கூடாங் போன்ற தொழிற்பேட்டைகளில் இருபது முப்பது ஆண்டுகள் ஓடும் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பராமரிக்கப் போகிறவர்கள் இன்று படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான். திரையில் நேரம் சரியாகத் தெரிகிறது என்பதால் உள்ளே எல்லாம் சரி என்று எண்ணிவிடாதீர்கள். எத்தனை பிட் ஒதுக்கியிருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. 2¹⁷ − 1 = 131,071 பகா எண் என்று ஆய்லரின் வழியில் நிறுவுங்கள். மூன்றே வகுத்தல்கள் போதும். (34-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்களை 362 வரை எழுதித் தொடங்குங்கள்.)

2. 2¹³ − 1 = 8191-க்கு லூக்கா–லேமர் சோதனையைச் செய்யுங்கள். பதினொரு தடவைக்குப் பின் 0 வருகிறதா?

3. 561-இன் காரணிகளைக் கண்டுபிடித்து, அது 1729-ஐப் போலவே ஏன் பெர்மா சோதனையில் தேறுகிறது என்று விளக்குங்கள்.

விடைகளைக் கணினியில் சரிபார்க்கலாம், தவறில்லை. ஆனால் முதலில் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2,147,483,647-ஐப் பகா எண் என்று பலர் சொன்னார்கள். ஏன் என்று காட்டியவர் சொன்னதைத்தான் இன்றும் நாம் பயன்படுத்துகிறோம். நம் கல்வியிலும் வேலையிலும் நாம் சொல்வது அப்படி நிலைக்க வேண்டும்.